ரேஷன் கார்டில் என் பெயர்

1

அமெரிக்காவில் இருப்பவன் பிள்ளையின் படிப்புக்கு அரசாங்க உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் போட்டான் என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்புகிறவர்கள் சிரிப்பார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், போட்டேன். என் ஒரே மகள் இனியா இந்த வருஷம் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்காகப் போட்டேன்.

கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் இங்கே வந்தேன். அந்தக் கம்பெனி மூடிக்கொண்டு போய் வருஷங்கள் ஆகின்றன. இப்போது ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில், ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்டோர் ரூமில் கையுறைப் பெட்டியும் ஊசிப் பெட்டியும் அடுக்குகிறேன். மனைவி ரேவதி பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறாள். குறை ஒன்றும் இல்லை, சோற்றுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இங்கத்திய கல்லூரிக் கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ராத்தூக்கம் போய்விடும்.

ஊரில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று இங்கே அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். வி.ஏ.ஓ.வைத் தேடி அலைய வேண்டியதில்லை. தாசில்தார் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருக்க வேண்டியதும் இல்லை. எல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில். பிள்ளை ஒரு பக்கம் நிரப்ப வேண்டும், பெற்றவர்கள் ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். நம் வருமானத்தை நாம் சொல்லக்கூட வேண்டாம். சம்மதம் கொடுத்தால் வரி ஆபீஸிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். வருமானம் எவ்வளவு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்துக் கடைசியில் ஒரு எண் தருகிறார்கள். எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு தேவை என்று அர்த்தம். பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். அந்த எண்ணை வைத்துத்தான் அரசாங்கம் மானியம் கொடுக்கும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கடன் வேறு, அது தனி. பிறகு கல்லூரியும் அதே எண்ணைப் பார்த்துத் தன் பங்குக்கு எதையாவது குறைக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறைந்த மார்க் வாங்க வேண்டுமே என்று சாமி கும்பிட்டது இதற்காகத்தான்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். இனியா தன் பக்கத்தை நான் ஒரு காபி குடிப்பதற்குள் முடித்துவிட்டாள். என் பக்கம் வந்தது. குடும்பத்தில் மூன்று பேர் என்று வரிக் கணக்கிலிருந்து அதுவே எடுத்துப் போட்டிருந்தது. கீழே, இதில் மாற்றம் உண்டா என்று ஒரு கேள்வி.

உண்டு என்று அழுத்தினேன். ஐந்து என்று போட்டேன்.

இனியா எட்டிப் பார்த்தாள்.

"ஐந்தா? யாருப்பா இன்னும் ரெண்டு பேர்?"

"உங்க அத்தை. அத்தை பொண்ணு சுகந்தி."

"அவங்க நம்ம வீட்ல இல்லையே. நாம மூணு பேர்தானே."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? குடும்பம்தானே."

அவள் தோளைக் குலுக்கினாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு முழு வாக்கியம். ரேவதி என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2

என் அக்கா பெயர் தனம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பாதையில் எங்கள் ஊர். ஊர் என்றால் நான்கு தெரு, ஒரு மாரியம்மன் கோயில், சுற்றிலும் கரும்பும் மக்காச்சோளமும். மேற்கே தலையைத் திருப்பினால் கல்வராயன் மலை. மழை வருமா வராதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். மலைமேல் கருத்தால் துணியை எடு என்பார்கள். இங்கே தட்டையான ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்குத் தடுப்பே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் மேற்கே பார்க்கிறேன். அங்கே மளிகைக் கடை விளக்குக் கம்பம்தான் இருக்கிறது.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். உளுந்தூர்பேட்டை ரோட்டிலேயே பாதி நாள் தூங்கி எழுந்தவர். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கைக்குழந்தை சுகந்தியோடு அக்கா தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா போனார், அம்மாவும் போனார். இப்போது அந்த வீட்டில் அக்காவும் சுகந்தியும் மட்டும். அக்கா நடவுக்கும் களை எடுக்கவும் போவாள், மிச்ச நேரம் தையல் மெஷின் மிதிப்பாள். பத்தாவதோடு படிப்பு நின்றவள். கேட்டால், "நான் எங்க கணக்க வுட்டேன், கணக்குதான் என்ன வுட்டுது" என்பாள்.

நான் கல்லூரிக்குப் போனபோது எனக்கும் உதவித்தொகை கிடைத்தது. வருமானச் சான்று கேட்கப்போன இடத்தில் வி.ஏ.ஓ. அப்பாவிடம் வருஷ வருமானம் எவ்வளவு என்று கேட்டார். குத்தகைக்கு நிலம் உழுதவர் அப்பா. "மழ பேஞ்சா ஒண்ணு சொல்றேன் சாமி, பேயாட்டி ஒண்ணு சொல்றேன்" என்றார். வி.ஏ.ஓ. சிரித்துவிட்டார். "பேயாததா வச்சே எழுதிக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது. மழை பெய்யாததாக எழுதிய காகிதம்.

3

மார்ச் மாதம் இனியா சேரவிருந்த கல்லூரியிலிருந்து ஒரு அம்மாள் பேசினார். நல்ல மாதிரி, மெதுவான குரல். சில விண்ணப்பங்களைப் பொறுக்கியெடுத்துச் சரிபார்ப்பது வழக்கமாம், எங்களுடையது அதில் அகப்பட்டுக்கொண்டது. ஐந்து பேர் என்று போட்டிருக்கிறீர்களே, அந்த இரண்டு பேர் உங்களோடு வசிக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை, இந்தியாவில் என்றேன்.

அவர்கள் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா என்றார். இதற்கு எப்படிப் பதில் சொல்வது? அக்கா என்னிடம் கை நீட்டியதே இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் அனுப்புவதை வாங்கிக்கொள்வாள், வாங்கிக்கொண்டதற்குத் திட்டவும் செய்வாள். நான் சுற்றி வளைத்தேன். எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டு என்று ஒன்று உண்டு, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் குடும்பம், என் அக்காவும் அவள் மகளும் நானும் ஒரே கார்டில் இருக்கிறோம் என்று அந்த அம்மாளுக்கு விளங்கவைக்கப் பார்த்தேன். ரேஷன் என்றதும் அவர் பயந்துவிட்டார். உங்கள் அக்கா சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறாரா என்று கேட்டார். இல்லை அம்மா, அவள் ஊருக்கே சோறு போடுவாள் என்றேன்.

கடைசியில் அவர் பொறுமையாகச் சொன்னார். உங்களோடு ஒரே வீட்டில் வசிக்க வேண்டும், செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்க்க வேண்டும், இரண்டும் இருந்தால்தான் கணக்கில் வரும். திருத்தி அனுப்பிவிடுங்கள், மற்றபடி ஒரு கெடுதலும் இல்லை.

அன்று சாயங்காலம் திருத்தினோம். இனியா உள்ளே நுழைந்து அந்த இடத்துக்கு வந்து நிறுத்தினாள். "நீங்களே போடுங்கப்பா" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். ஐந்தை அழித்துவிட்டு மூன்று போட்டேன்.

"நான் முதல்லயே சொன்னேன் இல்ல, மூணுன்னு" என்றாள்.

தப்பாகச் சொல்லவில்லை. அவள் அத்தையைப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டாவது தடவை அக்கா வைத்த கறிக்குழம்பில் காரம் தாங்காமல் அழுதவள். போனில் பேசச் சொன்னால் "நல்லா இருக்கீங்களா அத்தை" என்பாள், பிறகு போனை என்னிடம் நீட்டுவாள். அவள் சொன்ன மூன்று அவளுக்கு உண்மை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மானியம் கொஞ்சம் குறைந்தது, போய்விடவில்லை. இனியா சேர்ந்துவிடலாம் என்று ஆயிற்று. சந்தோஷப்பட வேண்டியதற்கு எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

4

மே மாதம் சுகந்தியின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. நல்ல மார்க். நர்ஸிங் படிக்க வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். தன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். கட்டணத்துக்கு அரசாங்க உதவித்தொகையை நம்பித்தான் இருந்தாள். அதற்கு வருமானச் சான்று வேண்டும்.

ஒரு நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். பின்னால் கோழி கத்தியது.

"டேய், உன்னால ஒரு வம்பு வந்து கீது."

"என்னக்கா?"

"வி.ஏ.ஓ. வூட்டுக்கு வந்தாரு, விசாரிக்க. கார்ட வாங்கிப் பாத்தாரு. இதுல மூணாவதா கீறவரு யாருன்னாரு. என் தம்பின்னேன். எங்க கீறாருன்னாரு. அமெரிக்கான்னேன்."

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"வேற இன்னான்னு சொல்றது? நீ மெட்ராஸ்ல மூட்ட தூக்கறன்னா?"

அந்த வி.ஏ.ஓ. இளைஞர், மரியாதையானவர். "அமெரிக்காவுல சம்பாதிக்கிறவரு உங்க குடும்பத்துல இருக்காருன்னா, அவர் வருமானமும் உங்க வருமானம்தானேங்க. நான் கம்மின்னு எப்படி எழுதறது?" என்றாராம். கூடவே, "அவர் பேர்ல அரிசியும் வாங்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"வாங்கறேன், அத்த நான் துன்னல, கோழிக்குப் போடறேன்னு சொன்னேன்" என்றாள் அக்கா.

என் பெயரைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டால் சான்று தருவதாக அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நியாயமான பேச்சு. நான் ஒஹாயோவில் பெட்டி அடுக்குகிறவன் என்பதும் எனக்கே மானியம் வந்தது என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கா என்ற ஒரு சொல் போதும். இந்த ஊர் அரசாங்கம் என்னை ஏழை என்றது, எங்கள் ஊர் என்னைப் பணக்காரன் என்றது. இரண்டு பேருமே தங்கள் கணக்கில் சரி.

"எடுத்துடுக்கா. அதுல என்ன இருக்கு?" என்றேன்.

"எடுக்க மாட்டேன்."

"அக்கா..."

"கார்டுலேர்ந்து யார் பேர எடுப்பாங்க? அப்பா பேர எடுத்தோம். அம்மா பேர எடுத்தோம். சாவு சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கினு போயி நான்தான் எடுத்தேன். உயிரோட கீறவன் பேர எடுக்கச் சொல்றியா? நாள பின்ன உனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் உசுரோட இருக்கறதா?"

"அப்ப சுகந்தி படிப்பு? நான் கட்டுறேன், விடு."

"நீ கட்ட வாணாம். உன் பொண்ணும் இந்த வருசந்தான் சேர்றா. நீ அங்க இன்னா மில்லு வச்சிக்கினா கீற? கவர்மெண்டு குடுத்தா அது அவ படிச்சி வாங்கினது. நீ குடுத்தா அது மாமன் குடுத்தது. நாளைக்கு அவ தல நிமுந்து நிக்கணும் இல்ல."

அதற்குமேல் பேசவிடவில்லை. அடுத்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. சுகந்தி தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "மாமா, கடைசித் தேதி கிட்ட வந்துடுச்சிங்க. அம்மா கார்ட தலவாணிக்கு அடியில வச்சிக்கினு படுக்கறாங்க. நீங்கதான் சொல்லணும்." அழவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது கேட்டது.

5

வேலையில் இடைவேளை நேரத்தில், பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன். சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, இங்க இனியா படிப்புக்கு ஒரு விண்ணப்பம் போட்டேன். அதுல உன் பேரையும் சுகந்தி பேரையும் கணக்குல சேத்திருந்தேன். ஒரே வீட்ல இருந்தாத்தான் குடும்பம்னு சொல்லிட்டாங்க. எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றுவிட்டது.

"யாரு எடுத்தது? உன் பொண்ணா?"

"இல்லக்கா. நான்தான்."

"எப்ப?"

"மார்ச் மாசம்."

"இத்தினி நாளு சொல்லவே இல்ல."

"எப்படிச் சொல்றது?"

"எடுத்தப்ப உனுக்கு எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டாள்.

கையில் ஊசிப் பெட்டியை வைத்துக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

"சரி வுடு, அழுவாத" என்றாள். "நீ உன் பொண்ணுக்காவ என்ன எடுத்த. நான் என் பொண்ணுக்காவ உன்ன எடுக்கறேன். சரிக்குச் சரி."

சொன்னபோது குரலில் கோபம் இருந்தது. எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. கோபப்பட ஒருத்தி இருக்கிறாளே.

6

இ-சேவை மையத்துக்கு அக்காவும் சுகந்தியும் போனார்கள். சுகந்தி வீடியோவில் என்னையும் சேர்த்துக்கொண்டாள். மின்விசிறி சத்தம், முன்னால் நிற்கிறவர்களின் முதுகு, கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். பெயரை நீக்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

"இன்னா காரணம் கீது?" என்றாள் அக்கா.

"இறப்பு. திருமணம். வேற காரணம்."

"வேற காரணம்னா? சண்ட போட்டுக்கினு போனான்னு அர்த்தமா?"

"அப்படியில்லம்மா. வெளிநாட்டுல இருக்காருன்னா அதுலதான் வரும்."

அக்கா யோசித்தாள். மையத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"திருமணம்னு போடு."

"அது பொண்ணுங்களுக்குப் போடறதும்மா. கட்டிக் குடுத்தா, வேற கார்டுக்குப் போயிடுவாங்க இல்ல?"

"இவனும் கட்டிக்கினுதானே போனான்? பொண்டாட்டி கீறா, புள்ள கீது, தனிக் குடும்பம். பொய்யா சொல்றேன்? இன்னா சர்ட்டிபிகேட் வேணும் சொல்லு, அனுப்புவான்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இனியா, "அத்தை என்னப்பா சொல்றாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு அவளாகவே போய் எங்கள் கல்யாணச் சான்றிதழைத் தேடியெடுத்துப் படம் பிடித்து சுகந்திக்கு அனுப்பினாள். இதுவரை அவர்கள் இருவருக்கும் நடுவே எதுவும் போய் வந்ததில்லை. அன்று ராத்திரி அவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், பாதித் தமிழில், பாதி ஆங்கிலத்தில். நான் கேட்கவில்லை.

திருமணம் என்ற காரணத்திலேயே என் பெயர் நீங்கியது. வி.ஏ.ஓ. சொன்ன சொல் தவறவில்லை. வருமானச் சான்று வந்தது. சுகந்திக்கு நர்ஸிங் இடமும் கிடைத்தது, உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தாகிவிட்டது. சேலம் பக்கம் கல்லூரி, விடுதியில் தங்க வேண்டும். இனி அந்த வீட்டில் அக்கா தனி.

போன வாரம் அவள் கூப்பிட்டாள். சுகந்திக்கு வாங்கிய வாளி, பாய், தட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டது என்றாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது.

"டேய், ஆடி பொறக்கப்போவுது."

"ஆமாங்க்கா."

"கட்டிக்கினு போனவங்கள ஆடிக்குத் தாய் வூட்டுக்கு அழைக்கறது மொற. நேர்ல வந்துதான் அழைக்கணும், நான் எங்க வர்றது? அதான் போன்ல கூப்புடறேன். அதுக்குத்தான் அன்னைக்கி அப்பிடிப் போடச் சொன்னேன். செத்தவன்னு போட்டா வர முடியாது. வேற காரணம்னா எதுக்குன்னு கூப்புடறது? பொண்டாட்டி புள்ளயோட வாடா. வூடு தொறந்தே இருக்கும்."

ஆடிக் கடைசியில்தான் இனியாவைக் கல்லூரியில் கொண்டுபோய் விட வேண்டும். எனக்கு இருக்கிற லீவு எல்லாம் அதற்கே சரியாகிவிடும். அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

"வரேன்க்கா" என்றேன்.